கரி எரிக்கப் போன ஞாயிறுகள்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் நின்றவர் என்னை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"சார், நீங்கதானே வாராவாரம் எழுதறது?"

ஆமாம் என்றேன். பெயர் பிரபு, கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலைக்காக வந்து இரண்டு வருடம் ஆகிறது என்றார். கையைத் துடைப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"வீடு இங்கதான் சார். ஆபீஸ் பங்சார்ல. சின்னதா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கலாம்னு இருக்கேன். பெட்ரோலா, டீசலா? ஊர்ல எங்கப்பா இன்னும் டீசல்தான் ஓட்டறார். அதை விட்டா வேற வண்டியே இல்லைங்கறார்."

"பெட்ரோல்" என்றேன்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

மனிதரின் முகம் சுருங்கிப் போய்விட்டது. வாராவாரம் ஒரு பக்கம் எழுதுகிற ஆள் நேரில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் யாருக்குத்தான் ஏமாற்றமாக இருக்காது? ஆனால் இலையில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. தவிர, அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற கதையைக் குழாயடியில் சொல்லி முடிக்க முடியாது. எனவே பிரபு, இந்த வாரப் பத்தி உங்களுக்கு. மற்றவர்கள் சும்மா ஒட்டுக் கேளுங்கள்.

என் வீடும் பிரிக்பீல்ட்ஸ்தான். என் ஆபீஸும் பங்சார்தான். மூன்று வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு நானும் நின்றேன். நின்று, யோசித்து, வீட்டில் சண்டை போட்டு... டீசல் கார் வாங்கினேன். நம் ஊரில் சின்ன டீசல் கார் கிடைப்பதே அபூர்வம். நான் தேடிப் பிடித்துத் தப்புச் செய்தவன்.

சுபாங் ஜெயாவில் பழைய கார் விற்கிற இடம். முதலில் பார்த்தது ஒரு பெட்ரோல் கார். மாலாவுக்குப் பிடித்துவிட்டது. மாலா என் மனைவி; எங்கள் வீட்டில் கணக்காக யோசிக்கிற ஆள். "நாலு கிலோமீட்டர் போறதுக்கு இது போதும்ங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து விற்பனைக்காரர் மூலையில் நின்ற இன்னொரு காரை ஸ்டார்ட் செய்தார்.

டக டக டக டக...

பழைய டீசல் எஞ்சின் மாதிரி அவ்வளவு முரட்டுத்தனம் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். என் காது என்னைக் கேட்காமலேயே கிள்ளானுக்குப் போய்விட்டது.

கிள்ளானில் என் அக்கா இருக்கிறாள். சரசக்கா. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். எங்கள் பெற்றோர் பந்திங் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். நான் இடைநிலைப்பள்ளி படித்த ஐந்து வருடமும் அக்கா வீட்டில்தான். அத்தான் டாக்சி ஓட்டினார். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, டீசல் எஞ்சின். கிள்ளான் ஸ்டாண்டில் நான்கு பேர் சேர்ந்ததும் கோலாலம்பூருக்குக் கிளம்புகிற டாக்சி. அவர் சட்டையிலும் டீசல் வாசம், அவர் வாங்கி வருகிற ரொட்டியிலும் டீசல் வாசம். எங்களுக்கு அது ரொட்டியின் வாசமாகவே பழகிவிட்டது.

அந்தக் காலத்து டீசல் வண்டியைச் சாவியைத் திருப்பியதும் கிளப்பிவிட முடியாது. முதலில் உள்ளே சூடேற வேண்டும். அதை அத்தான் 'ஹீட்டர்' என்பார். சாவியைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு இருபது வரை எண்ணுவார். வாய் அசையும், சத்தம் வராது. அப்புறம்தான் ஸ்டார்ட்.

அந்த இருபது எண்ணிக்கைதான் அக்காவின் நேரம். ஃபிளாஸ்க்கோடு வந்து ஜன்னல் அருகே நிற்பாள். "மத்தியானம் சாப்பிட்டுடுங்க." "மழை வருது, பாத்து ஓட்டுங்க." முந்தின நாள் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தாலும், அந்த இருபதுக்குள் சமாதானம் ஆகிவிடும். பள்ளிச் சீருடையோடு பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்த குடும்ப வாழ்க்கை அது. பெட்ரோல் காரில் இதற்கு ஏது நேரம்? திருப்பினால் ஓடிவிடும்.

சாயங்காலம் வேறு மாதிரி. சந்து முனையில் டக டக சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பைப் பற்ற வைப்பாள். அத்தான் கேட்டைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி வரும்போது டீ மேசைமேல் இருக்கும். ஒரு நாளும் பிசகியதில்லை.

சுபாங் ஜெயாவில் நின்றுகொண்டு இதெல்லாம் நினைத்தால் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வது? அத்தான் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது மாலா ஒரே வாக்கியம்தான் சொன்னாள்.

"நீங்க கார் வாங்கல. அத்தானை வாங்கிட்டு வந்திருக்கீங்க."

இரண்டு மாதம் ஜம்மென்று ஓடியது. அப்புறம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அணையவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிற மணியம் அண்ணனிடம் கொண்டு போனேன். ஏதோ ஒரு கருவியைச் செருகிப் பார்த்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாஸ், டெய்லி எவ்ளோ தூரம் ஓட்டுறீங்க?"

"நாலு கிலோமீட்டர். திரும்பி வர நாலு."

"அதான் லா! இந்த வண்டி ஹைவே வண்டி. நீங்க தினம் லிட்டில் இந்தியா ஜாம்ல நிப்பாட்டி வெச்சிருக்கீங்க. எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடுது. புகையில இருக்கிற கரி வெளிய போகாம இருக்க உள்ள ஒரு ஃபில்டர் இருக்கு. அதுல கரி சேந்து சேந்து அடைச்சுக்கிச்சு."

"இப்ப என்னண்ணே செய்யறது?"

"வாரத்துக்கு ஒரு தடவ ஹைவேல விடுங்க. அரை மணி நேரம், நிக்காம. நல்லா சூடானா கரி தானா எரிஞ்சிடும். ஓட்டம் இல்லன்னா இந்த வண்டி செத்துப் போயிரும் பாஸ்."

அரை மணி நேரம் நிற்காமல் எங்கே ஓட்டுவது? ஞாயிறு காலை, ஃபெடரல் ஹைவே, கிள்ளான் வரை. போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். இவ்வளவுதான் என் திட்டம். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். அந்தத் திட்டத்தில் அக்கா இல்லை. கிள்ளான் எனக்கு அன்றைக்கு ஒரு யூ-டர்ன், அவ்வளவுதான்.

அக்காவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்குப் போனது. அவள் மகள் ஜொகூரில். அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். போன் செய்வேன்... செய்யும்போதெல்லாம் "வேலைக்கா, நேரமே இல்லை" என்பேன். அரை மணி நேரத் தூரம். காருக்கு உடம்பு சரியில்லை என்றதும் மட்டும் அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

கிள்ளானுக்குள் நுழைகிறபோது மஞ்சள் விளக்கு அணைந்தது. வந்தது வந்துவிட்டோம், எட்டிப் பார்ப்போம் என்று அக்கா வீட்டுச் சந்தில் திரும்பினேன். கேட் முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இறங்கி உள்ளே போனேன். அக்கா சமையலறையில் இருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேசைமேல் இரண்டு கிளாஸ்.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீயா... சத்தம் கேட்டுச்சா, கை தானா அடுப்பைப் பத்த வெச்சிருச்சுடா."

ஏதாவது பேச வேண்டுமே என்று, உலகத்திலேயே பேசக் கூடாத ஒன்றைப் பேசினேன். "கார்ல கரி அடைச்சிருச்சாம்கா. ஹைவேல ஓட்டணும்னான் மெக்கானிக். அதான் இந்தப் பக்கம் வந்தேன்."

அக்கா டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

"காருக்காகவாவது வந்தியே."

குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தப்பவில்லை. காலை ஏழரைக்குக் கிளம்புவேன். சில வாரம் மாலாவும் வருவாள். சந்து முனையில் திரும்பும்போதே அக்கா அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். சேர்ந்து பாசாருக்குப் போய் மீன் வாங்குவோம். மீன்காரரிடம் அக்கா, "என் தம்பிக்கு வண்டியில கரி அடைச்சுக்குது, அதான் வாராவாரம் வரான்" என்று பெருமையாக வேறு சொல்வாள். ஏதோ எனக்குப் பதவி உயர்வு வந்த மாதிரி. திரும்பும்போது ஜன்னலருகே வந்து நிற்பாள். என் டீசல் வண்டியில் ஹீட்டர் விளக்கு கண் சிமிட்டுவதற்குள் அணைந்துவிடும். நான் மட்டும் அத்தான் மாதிரி சாவியைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணுவேன். "மாத்திரைய மறக்காதே. மாலாவ சத்தம் போடாதே." அந்த இருபதுக்குள் அக்கா எல்லாம் சொல்லிவிடுவாள்.

இப்படியே இரண்டரை வருடம் போனது. ஆனால் ஞாயிறு ஒருநாள் எரித்த கரியை மற்ற ஆறு நாளும் நான் சேர்த்துக்கொண்டே இருந்தேனே... கடைசியில் மணியம் அண்ணன் கையை விரித்துவிட்டார். "பாஸ், போதும் லா. ஹைவேல தினம் ஓடுற ஆளுக்கு வித்துடுங்க. உங்க ஓட்டத்துக்கு பெட்ரோல்தான்." மாலா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பெரிய உபகாரம்.

அக்காவிடம் சொன்னேன். சிங்க்கில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெட்ரோல் காரா? அப்ப இந்த ஓட்டமெல்லாம் தேவையில்லல்ல?"

கை மீனிலேயே இருந்தது. குழாய் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறேன், இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உன்னைப் பார்க்கத்தான்கா வரேன்" என்று சொல்ல ஐந்து வினாடி போதும். நம் வீடுகளில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? நம்மால் முடிந்தது ஒன்றுதான். புளுகினேன்.

"இல்லக்கா, அதுலயும் ஒரு ஃபில்டர் இருக்கு. அதுக்கும் வாராவாரம் ஓட்டணும்."

"ஓ" என்றாள். குழாயை மூடினாள்.

போன மாதம் பெட்ரோல் கார் வந்தது. சின்ன கார், சமர்த்து. மாலாவுக்கு ஏகப்பட்ட திருப்தி. ஞாயிறு காலை கிள்ளானுக்குக் கிளம்பினேன். சந்து முனையில் திரும்பினேன். சத்தமே இல்லை. கேட் முன்னால் நிறுத்தினேன். அப்போதும் சத்தமில்லை. உள்ளே அடுப்பு பற்றவில்லை, அக்கா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதல் முறையாக, விருந்தாளி மாதிரி கேட்டருகே நின்று "அக்கா!" என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "வந்தது தெரியவே இல்லையேடா" என்றாள். அன்றைக்கு டீ பத்து நிமிடம் தாமதம்.

மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பினேன். காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். திருப்பினால் கிளம்பிவிடும். திருப்பவில்லை. அக்கா வழக்கம்போல் ஜன்னலருகே வந்தாள். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று... இரண்டு...

"என்னடா, ஸ்டார்ட் ஆகலையா?"

"ஹீட்டர் ஏறட்டும்கா."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பெட்ரோல் வண்டிக்கு ஏதுடா ஹீட்டரு? நீ சொன்ன ஃபில்டரும் கிடையாது. நாப்பது வருசம் டாக்சிக்காரருக்குப் பொண்டாட்டியா இருந்தவகிட்ட வந்து கத விடற."

குட்டு உடைந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது செய்வாளே, அதே மாதிரி.

"அடுத்த வாரம் நண்டு வாங்கி வைக்கிறேன். மாலாவையும் கூட்டிட்டு வா. சந்து முனையில ஹாரன் அடி, அடுப்பப் பத்த வைக்கணும்."

இருபது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

ஆகவே பிரபு, நாலு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெட்ரோல் காரே வாங்குங்கள். வாங்கிய கையோடு கோயம்புத்தூருக்கு, அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்... காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்.