முப்பதுக்கு மேல் போகாத பஸ்

பல்லடம் ரோட்டில் அங்கப்பன் ஓட்டிய தனியார் பஸ்ஸுக்கு ஒரு காலத்தில் ஏக கிராக்கி. முன்னால் போகிற பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்து ஆட்கள் நமக்கு. அதில் அவன் சூரன். வழியில் ஒரு குறுகிய பாலம் உண்டு. போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி, அவ்வளவுதான் இடம். வரிசையை முந்திக்கொண்டு ஒருவன் மூக்கை நுழைப்பான், எதிரே வருகிறவனும் நுழைப்பான், பிறகு இருவரும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்றவைப்பார்கள். பின்வாங்குவது மட்டும் எவனுக்கும் கௌரவக் குறைச்சல்.

தொண்ணூற்று நான்கில் ஒரு வைகாசி முகூர்த்த நாளில் அங்கப்பன்தான் மூக்கை நுழைத்தான். எதிரே சிக்கியது கல்யாணப்பெண் வந்த வேன். பெண்ணின் அப்பா இறங்கி வந்து கும்பிட்டார்.

“கொஞ்சம் பின்னால எடுங்க சாமி. முகூர்த்தம் போகுதுங்க.”

எடுக்கத்தான் நினைத்தான். ஆனால் அவனை ஒட்டியே வந்த லாரிகள் ஓர் அடி இடம் விடவில்லை. பெண் வேனுக்குள் உட்கார்ந்திருக்க, நல்ல நேரம் கடந்துபோயிற்று. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதல் பாலத்துக்கு வெகு முன்பிருந்தே முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனான். பறந்து போய் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவனும் போடுவான், அவனுக்கும் பின்னால் வருகிறவன் நின்றே போவான். சீராகப் போனால் வரிசை நிற்காது, முந்தவும் எவனுக்கும் தோன்றாது. அவன் கணக்கு சரிதான், ஆரன் சத்தத்தில் யார் காதில் விழும்? அடுத்த பஸ் டிரைவர் முஸ்தபா, என்ன சாமி ஊர்வலமா என்று கேலி பேசினான். பயணிகளும் அந்த பஸ்ஸுக்கே தாவினார்கள்.

ஒருநாள் முதலாளி திருமூர்த்தியே முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். பின்னால் முஸ்தபா ஆரனை அலறவிட்டான்.

“அமுத்து அங்கப்பா.”

“பாலம் வரைக்கும் முப்பதுதானுங்க மொதலாளி.”

“அப்பப் பல்லடத்துல சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போ.”

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். வேறு தொழிலும் தெரியாது. ஆனாலும் காலை அழுத்தவில்லை. அன்று இரண்டு பஸ்களும் பாலத்தில் நிற்காமலே தாண்டின. அதற்காக மாலை போடுகிறவரா திருமூர்த்தி? சாவியை வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து வேலை தேடி முஸ்தபாவின் பஸ்ஸில் பின்னால் தொற்றிக்கொண்டு போனான் அங்கப்பன். பாலத்துக்கு வெகு முன்பே வேகம் குறைந்தது. என்ன உருட்டு வண்டியா என்று ஒருவர் சத்தம் போட்டார்.

முஸ்தபா திரும்பாமலே சொன்னான்: “அங்கப்பண்ணனுக்குப் பின்னால நான் வந்த அன்னைக்குத்தானுங்க இந்தப் பாலத்துல நிக்காமப் போனேன். முப்பதுக்கு மேல போகாது. அவசரம்னா எறங்கிக்குங்க.”

கூட்டத்தில் கம்பியைப் பிடித்தபடி அங்கப்பன் அழுதுவிட்டான். அன்று மத்தியானம் புது முதலாளி சாவியை நீட்டியபோது, அதை வாங்குமுன் “பாலத்துக்கிட்ட முப்பதுதானுங்க” என்று சொல்லிவிட்டே கையை நீட்டினான்.