ரன்வே ஓரத்து வரகுக்கோழி

“…வெளியில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நாடு முழுக்கத் தேடினாலும் இனிமே கொஞ்சமே கொஞ்சம்தான் மிச்சம். அதுல ஒண்ணு நம்ம புல்லுல வந்து உக்காந்திருக்கு. மத்தியானம் டிராக்டர் எறங்குது. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க பாய்,” என்றார் சுகந்தி மேடம்.

ஜீப் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் ஆபீசர். நான் கான்ட்ராக்ட்டில் பறவை விரட்டுகிறவன். ஆபீசர் ஒருவர் என்னிடம் வழி கேட்டது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான். அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அவர் பட்ட பாடும் தெரியாது.

விரட்டுகிற வேலை

ஓடுதளத்து ஓரத்தில் பறவை விரட்டவென்றே ஆள் வைத்திருப்பது பலருக்குத் தெரியாது. ‘பேர்ட் சேஸர்’ என்று பேர். இரண்டாயிரத்துக்குப் பிறகு பம்மலில் நான் வேலை பார்த்த தோல் ஷெட்டை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் இந்த வேலைக்கு வந்தேன். வீடு பொழிச்சலூரில். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வேலை. சொந்தக்காரர்களிடம் எல்லாம் என் மனைவி “அவருக்கு ஏர்போர்ட்ல வேலை” என்றே சொல்லுவாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று வெடி போடுவேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

ஒரு பருந்து இன்ஜினுக்குள் போனால் பருந்தோடு போகாது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலை. கையில் வாக்கி டாக்கி, தோளில் வெடிப்பை, ஊதுவத்தி, ஒரு மூங்கில் கழி. தூரத்தில் ஒரு கேஸ் கன் நிற்கும். அது தானாகவே அடிக்கொரு தரம் பீரங்கி மாதிரி வெடிக்கும். முதல் வாரம் பறவைகள் பயந்தன. அப்புறம் மைனாக்கள் அதன் மேலேயே உட்கார்ந்து இறகு கோத ஆரம்பித்துவிட்டன.

என் கூட்டாளி ஏழுமலை, கோவளம் பக்கத்துக் குப்பத்து ஆள். படகு பறிபோனபின் கரைக்கு வேலை தேடி வந்தவர். எனக்கு முன்னாலேயே இங்கே சேர்ந்துவிட்டார். எதைச் சொன்னாலும் கடலை வைத்தே சொல்லுவார். “கடல்ல பறவ கூட்டமா எறங்குனா அங்க மீன் கீதுன்னு அர்த்தம். இங்க எறங்குனா நமக்கு மெமோ கீதுன்னு அர்த்தம்” என்று அவர் சொன்னது ஏர்போர்ட்டில் எங்கள் ஆட்களிடம் எல்லாம் பிரபலம்.

முதல் நாள் ஒரு ஆள்காட்டிக் குருவியை விரட்டச் சொன்னார். அது தரையில் முட்டையிடுகிற பறவை. எனக்குப் பாவமாக இருந்தது. வெடியை நாலு அடி தள்ளியே போட்டேன். குருவி எழுந்து, கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி உட்கார்ந்தது. ஏழுமலை சிரித்தார்.

“இன்னா பாய், விருந்தாளிய வழியனுப்பற மாரி வெரட்ற. அரமனசா வெரட்னா அது அரை ஃபர்லாங் போயி குந்திக்கினு உன்னயே பாத்துகினு இருக்கும். இனிமே இந்தப் பக்கம் தலவச்சிப் படுக்கக் கூடாதுன்னு வெரட்டணும்.”

சொல்லிவிட்டு, அவரே ஒரு வெடியைக் கொளுத்தி அதன் காலடியில் வீசினார். அந்தக் குருவி பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த ஒரு குருவி வரவில்லை என்றுதான் சொல்கிறேன். மற்றதெல்லாம் வந்தன. காலையில் கொக்கு, வெயில் ஏறினால் பருந்து, சாயந்திரம் மைனா, மழை விட்டால் ஈசலுக்கு ஊரில் உள்ள அத்தனையும். புல்லை ஒட்ட வெட்டினால் ஆள்காட்டி வரும். வளரவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பருந்து வரும். விரட்டுவது எங்கள் வேலை, திரும்பி வருவது அவற்றின் வேலை. இரண்டு பேரும் ஒழுங்காக டூட்டி பார்த்தோம். வெடி போட்டுப் போட்டு எனக்கு இடது காது மந்தமாகிப் போனது. இன்றைக்கும் யாராவது அந்தப் பக்கம் நின்று பேசினால் பாதிதான் கேட்கும். பாதிக்கு மேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நானும் தலையாட்டிவிடுவேன்.

மேடம்

சுகந்தி மேடத்துக்குச் சேலையூரில் வீடு. விடிவதற்குள் ஸ்கூட்டியில் வந்துவிடுவார். ரன்வே இன்ஸ்பெக்ஷன் ஜீப் அவர் பொறுப்பு, நாங்களும் அவர் பொறுப்பு. காலேஜ் படிக்கும்போது கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் பறவை பார்க்க அலைந்தவராம். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தார். வந்த இடத்தில் பறவை விரட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். “கறிக்கடை கல்லாவுல சைவக்காரிய உக்கார வச்ச மாதிரி, பாய்” என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வார். வேலையில் குறை வைக்க மாட்டார். ஆனால் நாங்கள் வத்தியைப் பற்ற வைத்ததுமே ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். ஒருநாளும் அவர் வெடியைக் கையால் தொட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பலமாகப் பெய்தது. மண் சேறாகிவிட்டதால் புல்வெட்டும் டிராக்டரை இறக்க முடியவில்லை. புல் முழங்காலைத் தாண்டி நின்றது. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் ஜீப் சட்டென்று நின்றது. மேடம் பைனாகுலரை எடுத்தார். நெடுநேரம் இறக்கவே இல்லை. நான் வத்தியைப் பற்ற வைக்கப் போனேன். “வேணாம் பாய்” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

புல்லுக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. அப்புறம் கழுத்து. நாட்டுக்கோழிக்குக் கழுத்தையும் காலையும் இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. காய்ந்த புல் நிறம், அதில் கறுப்புக் கீற்றுகள். அசையாமல் நின்றால் புல்லா பறவையா என்றே தெரியாது.

“இன்னா மேடம் இது, பாதி கோழி பாதி கொக்கு?” என்றார் ஏழுமலை.

“வரகுக்கோழி. புத்தகத்துல மட்டும்தான் பாத்திருக்கேன். இதப் பாக்கணும்னு எத்தனையோ பேர் எங்கெங்கேயோ அலையறாங்க. பாக்காமலே திரும்பி வர்றாங்க.”

வடக்கே மழைக்காலத்தில் சேவல் புல்லுக்குள்ளிருந்து ஆள் உயரத்துக்கு எம்பி எம்பிக் குதித்துப் பெட்டையைக் கூப்பிடுமாம். மழை முடிந்ததும் ஒன்றொன்றாகத் தெற்கே கிளம்பிவிடுமாம். எங்கே போகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். ஒன்று மட்டும் நிச்சயம், அதற்குப் புல் வேண்டும். மரம் வேண்டாம், ஏரி வேண்டாம், பரந்த புல்வெளி போதும்.

“மரத்த வெட்டினா ஏன்னு கேக்க ஆள் இருக்கு பாய். புல்ல வெட்டினா எடத்த சுத்தம் பண்ணிட்டாங்கன்னு சொல்லுவாங்க. எங்கேயும் புல்லு இல்லாம போச்சு. கட்டடம் கட்டக் கூடாதுன்னு இருக்கற எடம் இது ஒண்ணுதான். அதான் இங்க வந்திருக்கு.”

விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் இறங்கியது. பறவை பறக்கவில்லை. கழுத்தை மடக்கிப் புல்லோடு புல்லாகப் பதுங்கியது.

“அந்தப் பக்கம் மட்டும் வெடி போடாதீங்க. ரெண்டொரு நாள். தானா போயிடும்” என்றார் மேடம்.

அது போகவில்லை. காலையில் ஜீப் வந்ததும் முதல் கேள்வி, “இருக்கா பாய்?” “இருக்கு மேடம்.” அதற்குப் பிறகுதான் வணக்கம். “பிரசவத்துக்கு வந்த பொண்ண விசாரிக்கற மாரியே விசாரிக்கறாங்க” என்று ஏழுமலை என் காதில் சொன்னார், நல்ல காதில். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. டிபன் பாக்ஸைப் பிரித்தால் அந்தப் பக்கம் பார்த்தே உட்காருவேன். வெட்டுக்கிளி பிடிக்க நாலடி வைக்கும், நிற்கும், யோசிக்கும். வெளியாள் யாரையும் உள்ளே விட முடியாது. கேமராவும் ஆகாது. அலைந்தவர்களுக்கெல்லாம் கிடைக்காதது வெடி போடுகிற இரண்டு பேருக்கும் ஒரு ஆபீசருக்கும் கிடைத்திருந்தது.

மேடம் சும்மா இருக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு, பிடித்துக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். வலையில் விழுந்தால் பயத்திலேயே செத்துப்போகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

டிராக்டர்

ஒரு சாயந்திரம் அது தானாகவே எழுந்தது. போகிறது என்று சந்தோஷப்பட்டேன். ரன்வேக்குக் குறுக்கே தாழப் பறந்தது. அதே நேரத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பறவை அதன் மூக்குக்கு முன்னால் கடந்து, அந்தப் பக்கம் சுற்றி, மறுபடி அதே புல்லில் வந்து விழுந்தது. பைலட் டவரில் கம்ப்ளெயின்ட் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மேலதிகாரி மேடத்துக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“ஏம்மா, ஒனக்கு ஆள் குடுத்திருக்கறது பறவைய வெரட்டவா, வளக்கவா? நேத்து இன்னும் கொஞ்சம் மேல பறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? மண்ணு காஞ்சிடுச்சு. மத்தியானம் டிராக்டர் எறங்குது. மொதல்ல அந்தப் பக்கம்தான்.”

அவரும் கெட்டவர் இல்லை. அவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மேடம் “சரி சார்” என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

டிராக்டர் சத்தத்துக்கு அது பறக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பயந்தால் பதுங்குகிற சாதி. பிளேடு கிட்டே வரும்வரைக்கும் பதுங்கியே கிடக்கும்.

“வெரட்டிடலாம் மேடம்” என்றேன். “பக்கத்துல போயி கையத் தட்டினா எழுந்துக்கும்.”

“எழுந்து எங்க பாய் போகும்? நேத்து மாதிரி சுத்திட்டு இங்கயே வரும். அதுக்கு வேற புல்லு தெரியாது. கூடுவாஞ்சேரி தாண்டினா கொஞ்சம் இருக்குமா?”

கூடுவாஞ்சேரி தாண்டி என் மச்சான் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தான். ஒரே புல், பாம்பு கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் பார் எப்படி ஆகிறதென்று பெருமையாகச் சொல்லுவான். சுற்றிலும் கல் நட்டாகிவிட்டது. அதை மேடத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இருக்கும் மேடம்” என்றேன்.

ஏழுமலை மூங்கில் கழியைப் புல்லில் ஊன்றினார். “மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்க அப்பன் வலையில சில நாளு ஆமை மாட்டிக்கும். தடவிக் குடுத்து மெதுவா எறக்கி விட்டோம்னு வைங்க, அது படகையே சுத்திகினு கெடக்கும், மறுக்கா வலையில வுழும். எங்க அப்பன் ரெண்டு கையால தூக்கி கடாசுவாரு. வலிக்கும்தான். அது திட்டிக்கினே போவும். ஆனா போயிடும்.”

முதல் நாள் ஆள்காட்டிக்கு நான் போட்ட வெடி எனக்கு நினைவு வந்தது.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். விரட்டுவதென்றால் முழுசாக விரட்டுங்கள். பாவம் பார்த்துப் பாதியில் நிறுத்தினால் மீதியை இன்ஜின் பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் பிளேடு பார்த்துக்கொள்ளும். பிடிக்காததை விரட்ட எவனாலும் முடியும், அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வேண்டாம். இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு அந்தப் புல்லில் பார்த்தேன்.

மேடம் வாக்கி டாக்கியில் டவரைக் கூப்பிட்டு கேப் கேட்டார், கொஞ்ச நேரம் எந்த விமானமும் வராத இடைவெளி. கொடுத்தார்கள். கிளம்பலாம் என்று நான் வெடிப்பையைத் தோளில் மாட்டினேன். “குடுங்க பாய்” என்று அதை வாங்கிக்கொண்டார். வத்தியையும் வாங்கினார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். ரன்வேக்கு முதுகு காட்டி, பறவைக்கும் ரன்வேக்கும் நடுவில் போய் நின்றார். காதைப் பொத்தவில்லை. முதல் வெடியை அதன் காலடியிலேயே போட்டார். அது எழுந்தது. விரிந்த இறக்கையில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது, அதுவரை நாங்கள் பார்க்காத வெள்ளை. சுற்றித் திரும்பப் பார்த்தது. மேடம் “போ, போ சனியனே” என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. சேற்றில் ஒரு செருப்பு புதைந்தது, விட்டுவிட்டு ஓடினார். இரண்டாவது, மூன்றாவது, அதற்கு மேல் நான் எண்ணவில்லை, அவரைத்தான் பார்த்தேன். பறவை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, பொழிச்சலூர் மொட்டை மாடிகளுக்கு மேல் தெற்கே போய்ச் சின்னதாகி, காணாமல் போனது.

“போயிடுச்சு மேடம், போதும்” என்று நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. பையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, வத்தியில் பற்றவைத்து, அது தினமும் படுத்துக் கிடந்த அந்த வெறும் புல்லில் வீசினார்.