பென்சிலில் எழுதிய பெயர்

சியோலின் பழைய மின்சாதன வளாகத்தில், மூன்றாம் மாடிக்கு வேலைக்கு வந்தபோது மான்சிக்குக்கு வயது இருபத்திரண்டு. இப்போது ஐம்பத்தெட்டு. இடைப்பட்ட காலத்தில் அவர் செய்தவை இரண்டு: வால்வு ஆம்பிளிஃபையர்களைப் பழுதுபார்த்தது, எதிர்க்கடை பியோவைப் பார்த்து வயிறெரிந்தது. இரண்டிலும் குறை வைத்ததில்லை.

பியோவுக்கும் அதே தொழில்; நான்கு வயது இளையவர். வருகிறவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, பாட்டுப் போட்டுக் கேட்கச் சொல்லுவார். மான்சிக்குக்கு வாயில் வருவது "வியாழக்கிழமை வாங்க" என்ற ஒரே வாக்கியம்.

போன வசந்தத்தில், காபிக்கடை நடத்தும் ஓக்சன் ஒரு பழைய ஆம்பிளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பியோ ஊர்ல இல்லையாம், அதான் உங்ககிட்ட வந்தேன் முதலாளி. ஒரு மாசமா ஊம்முனு இரையுது."

அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே பென்சிலில் பியோவின் பெயர், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. பழுதுபார்த்தவர் உள்ளே பெயர் எழுதுவது அங்கே வழக்கம். மான்சிக் பூதக்கண்ணாடியை வைத்துக் குற்றம் தேடினார். ஒயர்கள் வகிடெடுத்த மாதிரி ஓடின. ஈயப் பற்றுகள் எல்லாம் ஒரே அளவு. பாழாய்ப்போனவன்! தன் ரெக்கார்டு பிளேயரில் மாட்டிக் கேட்டார். துளி இரைச்சல் இல்லை.

ஓக்சனுக்குப் போன் செய்தார். "ரெக்கார்டு பிளேயரை இடம் மாத்துனீங்களா?"

"ஆமா, போன மாசம் ஜன்னல் பக்கம் வெச்சேன்."

அவ்வளவுதான். இடம் மாற்றியதில் ரெக்கார்டு பிளேயரின் எர்த் ஒயர் கழன்றிருக்கும். ஆம்பிளிஃபையரில் கோளாறே இல்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உள்ளே பியோவின் பெயர் மட்டுமே இருக்கும். மான்சிக், பியோ போட்ட கண்டன்சர் ஒன்றை வெட்டியெடுத்து, அதே போல இன்னொன்றைப் போட்டு, கீழே தன் பெயரை எழுதினார், கொஞ்சம் பெரிதாக. காபிக்கடையில் கொண்டுபோய் மாட்டும்போது எர்த் ஒயரையும் சத்தமில்லாமல் முடுக்கினார்.

"பழைய கண்டன்சர் சரியில்ல," என்றார். ஓக்சன் கைதட்டினாள்.

அடுத்த வாரம் பியோ இரண்டு காகிதக் கோப்பைகளில் காபியோடு வந்தார்.

"அண்ணே, நான் போட்ட கண்டன்சர் போயிடுச்சாமே? ஓக்சன் சொன்னாங்க."

"ம்."

"அதே பெட்டியிலேர்ந்து பதினோரு பேருக்குப் போட்டிருக்கேன். எல்லாரையும் கூப்பிட்டு மாத்திடப் போறேன். நீங்க பாத்துச் சொன்னா தப்பா இருக்காது."

நக்கலடிக்கிறானோ என்று மான்சிக் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். நக்கல் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

பதினோரு நல்ல ஆம்பிளிஃபையர்களைப் பிரிப்பான், மடையன். மான்சிக் இழுப்பறையிலிருந்து அந்தக் கண்டன்சரை எடுத்து, மீட்டரில் மாட்டி, முள் தெரிய பியோ பக்கம் திருப்பினார்.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு. எர்த் ஒயர்தான் கழண்டிருந்துச்சு."

பியோ கண்டன்சரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தன் காபியை எடுத்தார். மான்சிக்குக்கு வைத்ததையும் எடுத்தார்.

"ஓக்சன்கிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே."

முழங்கையால் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

மான்சிக் போனை எடுத்தார். கோபப்படுவதில்கூட இவனுக்கு என்ன ஒரு நேர்த்தி என்று நினைத்தபடியே, ஓக்சனின் எண்ணை அழுத்தினார்.