கடி வாங்கிய கை

நார்மன் ஸ்டாபர்ட்டும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதனால் அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர் எங்களுடையது. வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். அவன் வீட்டு அடுப்படியில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் கேட்கும். அப்படி முப்பது வருஷம் அவனுக்கும் அவன் மனைவி ஐவிக்கும் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருக்கிறேன். என் பெயர் மாவிஸ்.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் ஃபெரெட் வளர்ப்பார்கள். கீரி மாதிரி ஒரு பிராணி அது. முழ நீள உடம்பு, ஊசிப் பல், எந்தப் பொந்துக்குள்ளும் நுழையும் ஒல்லி. முயல் வளையின் வாய்களிலெல்லாம் சுருக்கு வலை விரித்துவிட்டு இதை ஒரு வாய்க்குள் இறக்கினால், உள்ளேயிருக்கும் முயல் பதறி ஓடிவந்து வலையில் விழும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அதுதான் இறைச்சி. ஆனால் கடிக்கிற ஃபெரெட்டால் யாருக்கும் பிரயோசனமில்லை. வளையிலிருந்து வெளியே வரும்போது தூக்கப் போகிற கையைக் கவ்வினால் எலும்பு வரை பல்லை இறக்கிவிட்டுத்தான் விடும். அப்படிப்பட்டதை யாரும் சோறு போட்டு வைத்திருக்க மாட்டார்கள். பின்முற்றத்தில் மண்வெட்டியால் ஒரு அடி, அவ்வளவுதான்.

அந்த அடியிலிருந்து அதற்குத் தப்பிக்க ஒரே வழி நார்மன். கடிக்கிறதைச் சாக்கில் போட்டு அவனிடம் கொண்டு வருவார்கள். அவன் மற்றவர்களைப் போல அதன் மூக்கில் சுண்ட மாட்டான், வாயைக் கட்ட மாட்டான். பாலில் நனைத்த முஷ்டியைக் கூண்டுக்குள் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடித்தால் கையை இழுக்கவே மாட்டான். இழுத்தால், 'ஓகோ, கடித்தால் கை ஓடிவிடும்' என்று அது கற்றுக்கொள்ளுமாம். இழுக்காமல் இருந்தால் அதற்கே அலுத்துப்போய்ப் பாலை நக்க ஆரம்பிக்கும். மூன்று வாரம், நான்கு வாரம். கூலி என்று எதுவும் வாங்க மாட்டான். பழகிப்போன ஃபெரெட் பிடிக்கிற முதல் முயல் அவன் வீட்டுப் பின்கதவு ஆணியில் தொங்கும். அந்த மரியாதை அவனுக்குப் போதும்.

ரத்தம் வழிய வழிய அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன பொறுமை, என்ன பொறுமை என்று ஊரே வாயைப் பிளக்கும். பொறுமையாவது மண்ணாவது! இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள் துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்திருந்தவன். அதன் அதிர்வில் விரல்கள் முதலில் மெழுகு நிறமாக வெளுத்தன, பிறகு செத்தே போயின. சட்டைப் பொத்தானை ஐவிதான் போட்டுவிடுவாள். கிளப்பில் பீர் கிளாஸைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிப்பான். ஆனால் கை போய்விட்டது என்று ஒருவரிடமும் சொல்ல மாட்டான். வீம்பு.

அடங்காத ஃபெரெட்டுக்கு வலிக்காத கையைப்போல வாத்தியார் இல்லை, உண்மைதான். ஆனால் அது அடங்கிவிட்டதா என்று சொல்ல அந்தக் கையால் முடியாது. பாதி பழகிய ஃபெரெட் ரத்தம் வரக் கடிக்காது. பல்லால் லேசாக ஒரு கிள்ளு கிள்ளிப் பார்க்கும். இன்றைய கிள்ளுதான் நாளைய கடி. நார்மனோ ரத்தம் வரவில்லை என்றால் கடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

ஐவிக்கு இது புரிந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் அவன் கிளப்புக்கு டொமினோ ஆடப் போனதும், பின்முற்றத்துக்குப் போய்க் கூண்டைத் திறந்து தன் கையை உள்ளே விடுவாள். நான் முதல்முறை பார்த்தபோது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் கூண்டுக்குள்ளேயே இருந்தது. அயோடின் போட்டுவிட்டு, அவனிடம் சொல்லித் தொலையேன் என்று திட்டினேன்.

"சொன்னா அவன்கிட்ட மிச்சம் என்னடி இருக்கு?" என்றாள். "காது போச்சு. மூச்சு பாதி போச்சு. வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. இது ஒண்ணுதான் அவனைக் காலைல எழுப்புது." யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

கிள்ளு வாங்கிய வாரம் அவள் நார்மனிடம் ஒரே பாட்டுத்தான் பாடுவாள். இது பாவம், என்னோடு ஒட்டிக்கொண்டது, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே. அவன் தலையில் அடித்துக்கொண்டு சரி என்பான். பிறகு கிளப்பில் போய், என் பெண்டாட்டிக்கு வருகிற ஃபெரெட் எல்லாம் பெற்ற பிள்ளை, திருப்பிக் கொடுக்க மனசே வராது என்று சொல்லிச் சிரிக்க வைப்பான். தெருவில் ஆண்கள் ஐவியைப் பார்த்து, "பிள்ளைங்கல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். எனக்குத்தான் வயிறு எரியும். இப்படி ஒன்பது வருஷம்.

போன பிப்ரவரியில் ஐவிக்கு நிமோனியா வந்தது. ஐந்தே நாள்.

எங்கள் தெருவில் இறந்துபோகிற பெண்களைக் குளிப்பாட்டி உடுத்துவது நான்தான். அவள் கையைத் துடைக்கும்போது பார்த்தேன். விரல் முழுக்க, உள்ளங்கை முழுக்க, வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இரண்டு இரண்டாக. சில புதிது, இன்னும் சிவப்பு ஆறவில்லை. அழுதுகொண்டே அவள் தேவாலயத்துக்குப் போட்டுப் போகிற சாம்பல் நிறக் கையுறையை எடுத்து இரண்டு கையிலும் மாட்டிவிட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாக நினைப்பு எனக்கு.

நார்மன் சவப்பெட்டியருகே வந்து நின்று, வீட்டுக்குள்ளே இவளுக்கு எதற்குக் கையுறை என்று கேட்டான். குளிருமே என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. அந்தக் கையுறையைப் பிடித்துக்கொண்டு அடக்கம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரலில் எதிர்வீட்டுக் கத்பர்ட் ஹெஸ்லப்பின் பெண் ஃபெரெட்டை, இனிமேல் தொட்டில் குழந்தை மாதிரி என்று சொல்லி நார்மன் கொடுத்தனுப்பினான். நான்காம் நாள் அது கத்பர்டின் கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. மறுநாள் காலை நார்மன் பின்கதவைத் திறந்தால், முயல் தொங்குகிற ஆணியில் அந்த ஃபெரெட் செத்துத் தொங்கியது. மனிதன் செய்கிற காரியமா அது? நானே கத்பர்ட் வீட்டு வாசலில் போய் நின்று அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டு வந்தேன். ஆனால் கிளப்பில் பேச்சு பரவிவிட்டது. நார்மனின் கைராசி பெண்டாட்டியோடு போய்விட்டதாம். அவர்கள் வாயில் தப்பித் தவறி வந்த உண்மை அது. எனக்கு மட்டும் தெரிந்த உண்மை.

நார்மன் சாப்பாட்டைக் குறைத்தான். கூண்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. வெஸ்லி புரூடோவின் செம்பட்டை நிற ஆண் ஃபெரெட். சனிக்கிழமை வந்து பார்ப்பேன், கடிக்காது என்று நீ சொன்னால் கொண்டுபோகிறேன், இல்லாவிட்டால் மண்வெட்டி என்று வெஸ்லி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை நார்மன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் அடுப்படிக்கு வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"மாவிஸ், நீ கொஞ்சம் கையை விட்டுப் பாக்குறியா? எனக்குத் தெரியல." ஃபெரெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "என் விரல் செத்துப்போய் ரொம்ப வருஷமாச்சு" என்றான்.

அறுபத்திரண்டு வயதில் அவன் முதன்முதலாக அதைச் சொல்கிறான். நான் முஷ்டியை நீட்டினேன். அது முகர்ந்தது, நக்கியது, பிறகு ஊசி ஏற்றினாற்போல் ஒரு கிள்ளு. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"இழுக்கக் கூடாது" என்றான் நார்மன்.

"நான் என்ன ஐவியா, இழுக்காம இருக்க?"

சொன்ன பிறகுதான் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு நாற்காலியைக் கண்ணால் தேடிப் பிடித்து உட்கார்ந்தான். இனி மறைத்து என்ன பயன்? வியாழக்கிழமை, அயோடின், 'இன்னும் ஒரு வாரம்', எல்லாவற்றையும் சொன்னேன்.

"வலிச்சுதா அவளுக்கு?"

"வலிச்சுது."

"நான் கிளப்புல அவளை வெச்சு..." மடியிலிருந்த ஃபெரெட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். திடீரென்று நிமிர்ந்தான். "அதுக்குத்தான் கையுறையா?"

நான் தலையாட்டினேன்.

"ரெண்டு நாள் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் மாவிஸ். வெறுங்கையைப் பிடிச்சிருந்தாலும் என் விரலுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா கண்ணால பாத்திருப்பேனே. நீ பாக்க விடலையே."

நல்லது செய்வதாக நினைத்து நான் செய்த மகா பாவம் அதுதான்.

சனிக்கிழமை வெஸ்லி சாக்கோடு வந்தான். நார்மன் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னான். "இது இன்னும் கடிக்குது. ரெண்டு வாரம் குடு. இத்தனை வருஷமா உங்க ஃபெரெட்டையெல்லாம் பழக்கினது நான் இல்ல. ஐவி." எதிர்வீட்டு வாசலில் நின்ற கத்பர்ட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெஸ்லி சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சரி என்று போனான்.

அன்று மதியம் நார்மன் பின்முற்றத்தில் உட்கார்ந்து சட்டைக் கையை முழங்கைக்குமேல் சுருட்டினான். மேல்கையில் மட்டும்தான் அவனுக்கு உணர்ச்சி மிச்சம். அங்கே பாலைத் தடவி, கூண்டுக்குள் நீட்டினான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அது கடித்ததை அவன் முகத்தில் பார்த்தேன். கையை இழுக்கவில்லை.

"வலிக்குது ஐவி" என்றான்.