பச்சையும் கோழியும்

நேற்றுக் காலை எங்கள் வாசலில் ஒரு பார்சல் கிடந்தது. மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகளுக்கு வருகிற பார்சல்காரர்கள் மணி அடிப்பதில்லை. பனிக்குள் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நான் முதலில் பார்த்தது மேலே ஒட்டியிருந்த பசைநாடாவைத்தான். ஒரு மூலையில் இரண்டு தரம் ஒட்டின மாதிரி இருந்தது. யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"உங்கட உந்தக் கீச்சு மூச்சுப் பாட்டை ஆர் களவெடுக்கப் போறாங்கள்?" என்றார் மனைவி.

அவருக்கு என்ன தெரியும்! வந்திருந்தது ஒரு இசைத்தட்டு. ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரண்டே இரண்டு பேர், ஒருவர் சாக்ஸபோனோடும் மற்றவர் டிரம்ஸோடும், ஒருவரை ஒருவர் முக்கால் மணி நேரம் விரட்டிப் பிடித்து வாசித்த ஜாஸ். மெட்டு கிடையாது, முடிவு எப்போது வரும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. சில நூறு பிரதிகள்தான் அப்போது போட்டார்களாம். இப்போது தடித்த மறுபதிப்பாக, கூடவே ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வந்திருக்கிறது. 'மூல ஒலிநாடாவிலிருந்து எடுக்கப்பட்டது' என்று மேலே ஒரு ஒட்டுத்தாள். அந்த வசனத்தை நான் இதுவரை ஒருதரமும் நம்பியதில்லை. நூற்றெண்பது கிராம் பாரம் என்றும் போட்டிருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். நூற்றெழுபத்தாறு.

"அது மா நிறுக்கிற தராசு. சரியாய்க் காட்டாது," என்றார் மனைவி. எனக்கு அப்போது தராசிலும் சந்தேகம் வந்துவிட்டது.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் பார்சல் மட்டையைக் குப்பைக்கு மடித்தபோது எழுந்த அந்த ஈரக் காகித மணத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அஜின்கோர்ட்டில் நான் வேலை பார்த்த பெட்டித் தொழிற்சாலையின் மணம். அந்த மணத்துக்குள் எப்போதும் ஜெறாட் நிற்பான்.

ஜெறாட் குருநகர்ப் பெடியன், கத்தோலிக்கன், என் வயதுதான். மெஷின் வெட்டித் தள்ளுகிற மட்டைகளை அவன் அடுக்குவான், நான் கட்டுவேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு றேடியோ. அதன் திருகி உடைந்து ஒரே நிலையத்தில் இறுகிப் போயிருந்தது. ஏதோ பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடத்திய நிலையம். சனிக்கிழமை மத்தியானங்களில் யாருக்கும் விளங்காத ஜாஸை இரண்டு மணி நேரம் போடுவார்கள். மற்றவர்கள் காதுக்குள் பஞ்சு வைத்தார்கள். ஜெறாட் ஒருநாள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நின்றான்.

"மச்சான், உவன் எங்கட மெஷினோட சண்டை பிடிக்கிறான். கேள், கேள்... வெண்டுட்டான்!"

அன்றைக்குத்தான் எனக்கும் காது திறந்தது. மெஷின் சத்தத்தை வெல்லக்கூடிய பாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் அதை வாங்கத்தானே வேண்டும்.

நகரத்துக்குள் ஒரு மாடிக்கடை இருந்தது. பழைய இசைத்தட்டுகள் மட்டும்தான். கடைக்காரர் கதைக்க மாட்டார். தட்டின் நடு லேபிளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 1, 2, 3 என்று போட்டிருப்பார். ஒன்று என்றால் நல்லது, இரண்டு இரண்டாந்தரம், மூன்று என்றால் கீறல் விழுந்தது. பெயர்களை உச்சரிக்க எங்களுக்கு நாக்கு வளையாது. அதனால் தட்டின் உறை மட்டையைப் பார்த்து நாங்களே பெயர் வைத்தோம். நான் சொன்ன அந்த இரண்டு பேர் வாசித்தது 'பச்சை'. பச்சை மட்டை. அதன் முதற்பதிப்பு அந்தக் கடையின் அடிப்பெட்டியில், எந்த நம்பரும் போடாமல் கிடந்ததை நான்தான் கண்டெடுத்தேன். ஜெறாட்டிடம் இருந்தது 'கோழி'. மட்டையில் படம் எதுவும் இல்லை. சாக்ஸபோன்காரர் முட்டையிடுகிற கோழி மாதிரிக் கேரிக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர்.

ஜெறாட் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தான். ஞாயிறு பூசை முடிந்து அவன் வந்தவுடன் நான் போய்விடுவேன். மேலே வீட்டுக்கார அன்ரி ஒருநாள் படியில் பாதி தூரம் இறங்கி நின்று, "தம்பியவை, கீழ ஆருக்கும் ஏலாதோ? அம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ?" என்று கேட்டார். நாங்கள் கோழியைப் போட்டிருந்தோம்.

எங்களுக்குள் ஒரே வாக்குவாதம் முதற்பதிப்புப் பற்றியது. முதற்பதிப்பில்தான் மூச்சு இருக்கிறது, மறுபதிப்பு படியெடுத்த கடிதம் மாதிரி என்பேன் நான். "சத்தம் ஒண்டுதானேயடா! மட்டை பழசெண்டா என்ன, காதும் நரைக்குமே?" என்பான் அவன். முதற்பதிப்பில் ஆசை இல்லாத மாதிரி நடிக்கிறானோ என்று எனக்கு அப்போதே ஒரு சின்ன நமைச்சல். என் பிறவிக் குணம் அது, என்ன செய்ய?

இன்னொரு குணமும் உண்டு. எதையும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்க மாட்டேன். அகதி விண்ணப்பத்தின் தலையிலேயே 'உ' போட்டு, "இது என்ன குறியீடு? யாருக்குச் சைகை?" என்று வக்கீலிடம் ஏச்சு வாங்கியவன் நான். அதனால் வாங்குகிற ஒவ்வொரு இசைத்தட்டின் லேபிளிலும் ஓரமாக, கூர்ப் பென்சிலால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு உ. ஜெறாட்டிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் பகிடி பண்ணுவான்.

ஒரு கோடையில் பச்சைக்குக் கள்ள மறுபதிப்பு ஒன்று வந்தது. மட்டை, லேபிள், எழுத்து எல்லாம் அச்சொட்டாக அதே மாதிரி. ஜெறாட் ஒன்று வாங்கினான். வாங்கியவன் சும்மா இருக்காமல் கேட்டான்: "உன்ர பச்சையை ஒரு கிழமைக்குத் தாவன். ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் கேட்டுப் பாப்பம். உன்ர மூச்சு எங்க இருக்கெண்டு கண்டுபிடிக்கிறன்." கொடுத்தேன். பதிலுக்கு அவனுடைய கோழியை நான் கொண்டுவந்தேன்.

ஒரு கிழமையில் பச்சை திரும்பி வந்தது. பளபளவென்று வந்தது. போட்டேன். என் பச்சையின் முதல் நிமிடத்தில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு பொரிச்சத்தம் இருக்கும்; எனக்கு அது பாட்டோடு சேர்ந்த சங்கதி. அது இல்லை.  எடுத்து லேபிளைப் பார்த்தேன். உ இல்லை.

வேறு என்ன சாட்சி வேண்டும்? கள்ளப்பதிப்பை எனக்குத் தந்துவிட்டு என் முதற்பதிப்பை அவன் வைத்துக்கொண்டான். ஐயோ, அந்த ஒரு இரவும் பகலும் நான் பட்ட பாடு! ஆனால் நேரே கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், பிறகு நான் கோமாளி ஆகிவிடுவேன் என்று யோசித்தேன். கேட்பதற்குப் பதிலாக மூன்று காரியங்கள் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தினேன். தட்டுச் சேர்க்கிற வேறு இரண்டு பேரிடம், "ஜெறாட்டுக்கு ஏதும் குடுத்தால் கவனம்" என்று காதோடு சொன்னேன். கோழியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்காதது மட்டுமில்லை, அதன் லேபிளில் பென்சிலை அழுத்தி ஒரு உ போட்டேன். பிள்ளையாரை இப்படி ஒரு வேலைக்கு வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்களோ தெரியாது.

பிறகு தொழிற்சாலை மூடியது. ஜெறாட் கலியாணம் கட்டி, ஒஷாவாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு தட்டுகளும் என் அலுமாரியின் பின்வரிசைக்குப் போயின. பார்த்தால் வயிறெரியும் என்று இருபது வருசமாகத் தொடவில்லை.

நேற்று, புது மறுபதிப்போடு வந்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தார்கள். முதற்பதிப்பில் லேபிளைச் சுற்றியுள்ள வெறும் வளையத்தில் ஊசியால் கீறிய ஒரு நட்சத்திரம் இருக்குமாம், கள்ளப்பதிப்பில் இருக்காதாம். சரி, என் ஏமாளித்தனத்துக்கு அச்சில் அத்தாட்சி கிடைக்கட்டும் என்று பழைய பச்சையை உருவி எடுத்தேன். போனில் உள்ள லைட்டைச் சாய்த்து அடித்தேன்.

நட்சத்திரம் இருந்தது.

லைட்டை லேபிளுக்கு நகர்த்தினேன். காகிதத்தில் ஒரு பள்ளம். பென்சில் கறுப்புப் போய், அழுத்திய தடம் மட்டும் கிடந்தது. உ.

கதிரையில் இருந்துவிட்டேன். மனைவி வந்து பார்த்து, விசயத்தைக் கேட்டு, ஜெறாட்டின் மனைவியிடம் நம்பர் வாங்கி என் கையில் தந்தார். பெண்கள் இவ்வளவு காலமும் தங்களுக்குள் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"எட, நீயே! உயிரோட இருக்கிறியே?" குரல் அப்படியே இருந்தது.

சுற்றி வளைத்து, பச்சையின் லேபிளில் பென்சிலால் ஏதோ இருந்ததே என்று கேட்டேன்.

"ஓமோம், ரெண்டு எண்டு போட்டிருந்தது. அந்தக் கடைக்காரன்ர வேலை. பச்சையைப் போய் இரண்டாந்தரம் எண்டு எழுதியிருக்கிறானே விசரன் எண்டு எனக்குக் கோவம் வந்திட்டுது. அழிறப்பரால வடிவாய் அழிச்சுப்போட்டு, தட்டையும் சோப்புத் தண்ணியில கழுவித் தந்தனான். ஒரே புழுதி. ஏன், என்ன?"

"அது ரெண்டில்லையடா. பிள்ளையார் சுழி. நான் போட்டது."

 வெடித்துச் சிரித்தான். "ஐயோ, பிள்ளையாரையே அழிச்சனான்! ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிட்டச் சொல்லோணும்."

நானும் சிரித்தேன். சிரித்து முடிய அவன் கேட்டான்: "நீ ஏன்ராப்பா பிறகு வரேல்ல? நான் ஏதோ சொல்லிப்போட்டன் எண்டு கனநாள் யோசிச்சனான். என்ன சொன்னனான் எண்டுதான் பிடிபடேல்ல."

"வேலை... தெரியும்தானே," என்றேன்.

"இப்ப என்னட்ட ஒண்டும் இல்லை. பிளேயரும் இல்லை. எல்லாத்தையும் குடுத்திட்டன். கோழிதான் கவலை. அது அந்த நேரமே துலைஞ்சு போச்சு. வீடு மாறேக்க நான்தான் எங்கயோ விட்டிட்டன்."

என்னிடம் தந்ததே அவனுக்கு நினைவில்லை. அது என்னிடம் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அப்பிடியே?" என்றுதான் வந்தது.

வருகிற ஞாயிறு பூசை முடிய ஒஷாவாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாடிக்கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். பெட்டித் தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். பேஸ்மென்ற் வீட்டு அன்ரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவற்றையெல்லாம் காலம் கொண்டுபோனது என்று சொல்லிக்கொள்ளலாம். இருபது வருச ஞாயிற்றுக்கிழமைகளை நான்தான் கொண்டுபோனேன்.

இன்று காலை மகளின் பழைய பென்சில் பெட்டியில் அழிறப்பர் தேடி எடுத்து, கோழியின் லேபிளில் நான் போட்ட சுழியை அழித்தேன். கறுப்புப் போய்விட்டது. சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. எத்தனை தரம் தேய்த்தும் அது போகவில்லை. ஆனால் ஜெறாட் லைட் அடித்துப் பார்க்கிற ஆள் இல்லை. தட்டை வாங்கி மணந்து பார்ப்பான், "எட, எங்கயடா எடுத்தனி?" என்று கேட்பான். நான் என்ன சொன்னாலும் நம்புவான்.