மூன்று பெட்டியும் ஒரு தாலியும்

முத்தமிழ்செல்வன் வாயில் எப்போதும் தயாராக இருந்த சொல் 'ஆச்சு'. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்றால் ஆச்சு, கரண்டு பில் கட்டியாச்சா என்றால் ஆச்சு. சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனதுதான் வினை.

அரியலூரில் வேணுகோபாலின் வீடியோ கடை. அங்கே முத்தமிழ்செல்வன் கல்யாணக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, சிடி போட்டுத் தருவான். பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றை ஒயரால் பிணைத்து, ஏற்றுகிற படம் மூன்றிலும் பதிகிற மாதிரி அவனே செய்திருந்தான். "ஒரு பெட்டி படுத்தாலும் ரெண்டு இருக்குங்க" என்று டீ கொண்டுவருபவரிடம்கூடப் பீற்றிக்கொள்வான்.

டிஸ்குகள்தான் ஆமை. செட்டிங்கை நோண்டினான். வந்ததை மெமரியில் வைத்துக்கொண்டு, பதிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டிஸ்கில் எழுதும்படி மூன்றையும் மாற்றினான். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. தன் குணத்தையே பெட்டிக்கும் புகட்டியிருக்கிறோம் என்பது அந்த மேதைக்கு உறைக்கவில்லை.

2006 ஆவணியில் அவனுக்கே கல்யாணம். பெண் குன்னத்து ஹேமலதா. அவள் அண்ணன் சாமிதுரைக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைச் சிடியிலாவது பார்த்துவிட வேண்டும் என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். ஊரார் கல்யாணங்களையெல்லாம் முடித்துவிட்டு, ஆயுத பூஜையன்று காலையில்தான் முத்தமிழ்செல்வன் தன்னுடைய கடைசிக் கேசட்டை ஏற்றினான். அதில் இருந்தது தாலி கட்டு மட்டும்.

திரையில் 'முடிந்தது' என்று வந்தது.

"ஆச்சாப்பா?" என்றார் வேணுகோபால்.

"ஆச்சுங்க சார்."

பூஜையன்று கடையில் கரண்டு மெஷின் எதுவும் ஓடக்கூடாது என்பது அவர் வழக்கம். மெயினை இறக்கி, யுபிஎஸ்ஸையும் அணைத்தார். பெட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டு, "சூடம் காட்டுறத வீடியோ எடுப்பா" என்றார். கையில் புதுக் கேசட் இல்லை. அதுதான் ஏற்றியாகிவிட்டதே என்ற தைரியத்தில், அதே கேசட்டைப் பின்னால் ஓட்டி அதன்மேலேயே எடுத்தான்.

மறுநாள் பார்த்தால் மூன்று பெட்டியிலும் தாலி கட்டு இல்லை. மெமரியில் இருந்ததை டிஸ்கில் எழுதுவதற்குள் மூன்றுக்கும் கரண்டு போய், எல்லாம் அழிந்திருந்தது. ஒரு பெட்டி படுத்தால் என்ன செய்வது என்று யோசித்தவன், மூன்றும் சேர்ந்து படுக்கும் என்று யோசிக்கவில்லை. பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்து, செட்டிங்கைப் பழையபடி ஆமையாக்கினான்.

ஹேமலதா கேசட்டைப் பார்த்தாள். "எங்கழுத்துல ஏறுனதக் காணோம். ஒங்க பெட்டிங்க கழுத்துல மால மட்டும் நல்லாத் தெரியுது" என்றாள். அதற்குப் பிறகு வெகுநாள் சரியாகப் பேசவில்லை.

மிச்சம் இருந்ததைச் சிடி போட்டுத் துபாய்க்கு அனுப்பினார்கள். சாமிதுரை போன் செய்தார். "எல்லாம் பாத்தேன் மாப்ள. தாலி கட்டுனத மட்டும் காணோமே?"

முத்தமிழ்செல்வனுக்கு வாயில் வேறு என்ன வரும். "அது ஆச்சு மச்சான்."

ஹேமலதா போனைப் பிடுங்கினாள். "நெசந்தாண்ணே. அத மட்டுந்தான் சொல்றதுக்கு முன்னாடியே செஞ்சுட்டாரு."