மாமி சொன்ன சாட்சி

கடைசித் தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு முன் கிடைக்கும் சின்ன ஓய்வில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி துளசியின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவள் அழைப்பதில்லை. "அம்மா எழும்பேல்லை" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "நல்லா எழுப்பிப் பாத்தனீரோ?" என்று கேட்டேன். துளசி சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. நாடி பார்க்கத் தெரியாதவள் அல்ல. "பாத்திட்டன். நித்திரையிலயே போயிட்டா. நீங்கள் வாங்கோ" என்றாள். மாற்று ஓட்டுநர் வரும்வரை நான் இருக்கையை விட்டு எழும்பவில்லை. ஏற வந்த ஒரு வயோதிபப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

என் மாமியார் திருமதி புவனேஸ்வரியை அறியாதவர்கள் ஜெர்மனியில் எங்கள் கொலோன் நகரத் தமிழர்களில் குறைவு. எண்பதுகளில் கணவரோடு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். கணவர் நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே காலமாகிவிட்டார். கோயில் திருவிழா என்றால் அன்னதானப் பக்கத்திலிருந்து முதலில் கேட்பது மாமியின் சிரிப்புத்தான். தொலைபேசியை எடுத்தால் இலேசில் வைக்கமாட்டார். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும், "வாய் நிறையக் கதைக்கிற மனிசி" என்றுதான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அவர்கள் எல்லோரும் அறிந்த அந்தப் புவனாக்காவை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேனே தவிர நேரில் கண்டதில்லை. ஏனென்றால் நான் மருமகன்.

மாமியார் மருமகனுக்கு அருகில் அமரமாட்டார், முகம் பார்த்துக் கதைக்கமாட்டார் என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஊரில் இப்போது அதையெல்லாம் ஒருவரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. என் அம்மா, அக்காவின் கணவரான என் அத்தானோடு ஒரே சோபாவில் இருந்து கிரிக்கெட்டுக்குச் சண்டை பிடிப்பவர். மாமியோ தாம் ஊரை விட்டு வந்த நாளில் எது வழக்கமாக இருந்ததோ அதை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார். "அம்மா அப்ப கொண்டுவந்ததை இன்னும் மாத்தேல்லை. நீங்கள்தான் பழகவேணும்" என்று துளசி கல்யாணத்துக்கு முன்பே எச்சரித்திருந்தாள்.

விமான நிலையத்தில் முதன்முதல் கண்டபோது மாமி மகளுக்குப் பின்னால் நின்றார். கையில் தண்ணீர்ப் போத்தல். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு கை தூரம்தான். "களைச்சுப்போய் வந்திருப்பார். இதைக் குடு" என்று மகளிடம் நீட்டினார். துளசி வாங்கி என்னிடம் தந்தாள். "நன்றி எண்டு சொல்லும்" என்று நானும் துளசியிடமே சொன்னேன். எங்கள் உறவு அப்படித்தான் தொடங்கியது.

வீட்டுக்குப் போனால் தபால்பெட்டியில் என் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் பெட்டியில் பெயர் இல்லாதவனுக்குக் கடிதம் வராது. கடிதம் வராதவன் இருந்தும் இல்லாதவன். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் நம் வழக்கத்தால் எனக்கு ஒரு பெயர், அவர்களுக்கு வேறொரு பெயர். மாமி என் பெயரை மேலே ஒட்டித் தம் பெயரைக் கீழே இறக்கியிருந்தார். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து நெடுங்காலமாக இருப்பவர் அவர். நான் அன்றைக்குத்தான் சூட்கேசோடு வந்து இறங்கியவன். "மருமகன்ர பேர் கீழ கிடந்தால் நல்லாவோ இருக்கும்?" என்று மகளிடம் கேட்டாராம்.

ஊரில் நான் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞன். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் வந்தவர்களை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிய உத்தியோகத்தன். இங்கே வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பதிவு, வரி இலக்கம், மருத்துவக் காப்புறுதி, வங்கி, மொழி வகுப்பு என்று எதற்கும் ஒரு தாள், அந்தத் தாளைப் பெறுவதற்கு இன்னொரு தாள். எல்லாவற்றுக்கும் முந்தியது, நான் இந்த வீட்டில்தான் வசிக்கிறேன் என்று வீடு தருபவர் கையெழுத்திடும் தாள். மாமி அதில் நிதானமாகக் கையெழுத்திட்டார். என் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டு, "இது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்று குளிர்சாதனப் பெட்டியிடம் சொன்னார்.

அந்தக் குளிர்சாதனப் பெட்டியிடம் அவர் சொன்னவை ஏராளம். துளசிக்கு வேலை நேரம் மாறி மாறி வரும். பகலில் தபால் வந்தால் நானும் மாமியும்தான். நான் மேசையில் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாய்விட்டு எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மாமி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி கேட்பார். "மஞ்சள் உறையில வாறதை அண்டைக்கே பாக்க வேணும். மற்றதைச் சாப்பிட்டிட்டுப் பாக்கலாம். சோறு ஆறுது." ஒருமுறை தொலைக்காட்சி, வானொலிக் கட்டணம் கேட்டு என் பெயருக்குக் கடிதம் வந்தது. நான் தொலைக்காட்சியே பார்ப்பதில்லை என்று எப்படி நிரூபிப்பது எனத் தவித்துக்கொண்டிருந்தேன். "ஒரு வீட்டுக்கு ஒராள் கட்டினால் காணும். இஞ்ச ஏற்கெனவே காசு கட்டுப்படுகுது எண்டு எழுதிப் போட்டால் பேசாமல் இருப்பாங்கள்" என்றார் மாமி, வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்து. எழுதிப் போட்டேன். பேசாமல் இருந்தார்கள்.

அதற்காக அவரை எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரக் கணக்கு வந்தால் அவருக்கும் எனக்கும் ஒரே அளவு பயம். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துளசி வரும்வரை தேநீர் குடிப்போம். அவர் அடுப்படியில் நின்றபடி, நான் மேசையில் இருந்தபடி. அந்தப் பகல்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. புது நாட்டில் தனித்துப்போனேன் என்று நான் சொன்னால் அது பொய்.

மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து, பேருந்து ஓட்டப் பயிற்சி பெற்று வேலையிலும் சேர்ந்தேன். மூன்று வருடமானதும் நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தேன். அதுவரை என்னிடம் இருந்தது மனைவியின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும் தவணை விசா. கணவன் மனைவி சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அலுவலகம் நம்பினால்தான் நிரந்தரம். நம்பாமல் போலிக் கல்யாணம் என்ற சந்தேகம் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால், கையில் இருப்பதும் போய் ஊருக்கு விமானம் ஏற வேண்டிவரலாம். அந்த நேரம் பார்த்துத் துளசி மேற்படிப்புக்காக வேறு நகரமான ஹனோவரில் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவாள். வெளிநாட்டவர் அலுவலகம் தந்த டெர்மின் என்கிற சந்திப்பு நேரமோ அவளுடைய பரீட்சை நாளில் விழுந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஆளில்லை. துளசி ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வீடு அவவின்ர பேரில இருக்கு" என்றாள்.

அலுவலர் நடுத்தர வயதுப் பெண்மணி. மரியாதையானவர். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒழுங்கில்லாமல் இருந்தது நாங்கள் இருந்த விதம். எனக்கும் தமக்கும் நடுவில் மாமி ஒரு கதிரையை விட்டு, அதில் கைப்பையை வைத்திருந்தார். வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டபோது அதை எடுத்து நடுக் கதிரையில் வைத்தார். நான் அங்கிருந்து எடுத்து அலுவலரிடம் கொடுத்தேன். "சம்பளத் துண்டும் அதுக்குள்ளதான் கிடக்கு" என்று ஜன்னலிடம் சொன்னார் மாமி.

அலுவலர் பேனையைக் கீழே வைத்தார். "மனைவி வரவில்லை. மாமியார் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் உண்மையிலேயே ஒரே வீட்டில்தான் வசிக்கிறீர்களா?"

என் மொழிச் சான்றிதழ் அவருடைய மேசையில் கிடந்தது. மொழி எங்கே போனது என்று தெரியவில்லை. நான் வாயைத் திறந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்கள் பேச வேண்டாம். அம்மா சொல்லட்டும். இவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

மாமி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஜெர்மன் மொழியில் தொடங்கினார். அடுத்த அறையிலிருந்து மட்டும் நான் கேட்டிருந்த அந்தப் பேச்சு என் பக்கத்திலேயே தொடங்கியது.

"இவர் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை நிறுத்திவிடுவார், என் மகள் விழித்துவிடுவாள் என்று. வேலைச் சட்டையைத் தானே தோய்த்துக்கொள்வார். நான் மீன்குழம்பில் விடும் புளி இவருக்கு அதிகம். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடிப்பார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருக்கும் தாயோடு காணொளியில் பேசுவார். அதற்கு முன் தலை சீவி நல்ல சட்டை போடுவார். பேசி முடிந்ததும் சைக்கிளைத் திருத்தப் போகிறேன் என்று நிலவறைக்கு இறங்கிப் போய்விடுவார். சைக்கிளில் ஒரு பழுதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே வருவார். அன்றைக்கு மட்டும் நான் தேநீரில் இஞ்சி போடுவேன். வெள்ளிக்கிழமை மகளின் ரயில் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே நிலையத்துக்குப் போய் நிற்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கதவுக்கு வெளியே மருந்தையும் சுடுதண்ணீரையும் வைத்துத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் சொல்லவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சைக்கிள் விஷயம் துளசிக்குக்கூடத் தெரியாது. நிலவறையில் நான் அழுதது அந்தச் சைக்கிளுக்கு மட்டும்தான் தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

"இவ்வளவு தெரிந்தும் ஏன் அவரோடு பேசுவதில்லை?" என்று அலுவலர் கேட்டார்.

"பேசுகிறேனே! மூன்று வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான். இது கோபம் இல்லை, மரியாதை. எங்கள் வீட்டுக்கு மகனாக வந்தவருக்குக் கொடுக்கிற மரியாதை."

"இது எப்போது முடியும்?"

"ஏன் முடிய வேண்டும்? நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது" என்றார் மாமி.

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நெடுநேரம் எழுதினார். வெள்ளிக்கிழமை துளசி அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்திட்டால் போதும், புதிய டெர்மின் தேவையில்லை என்றார். எழும்பி நின்று மாமிக்குக் கை கொடுத்தார். எனக்குக் கொடுத்தாரா என்று நினைவில்லை.

அதற்குப் பிறகாவது மாமி என்னோடு நேராகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். டிராமில் ஒரு கதிரையை விட்டுத்தான் அமர்ந்தார். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடியிடம், "இனிப் புளி குறைச்சுப் போடலாம்" என்றார். நானும் அதே கண்ணாடியைப் பார்த்து, "வேண்டாம், உந்தப் புளி பழகீட்டுது" என்றேன். அவருடைய பாணியிலேயே நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் மாமி சிரித்தது தெரிந்தது.

அனுமதி அட்டை வந்த அன்று அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துச் சர்க்கரைப் பொங்கல் செய்தார். "இனி அவரை ஆரும் ஒண்டும் கேக்கேலாது" என்று துளசியிடம் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கொலோன் முழுவதற்கும் செய்தி போய்ச் சேரும்வரை வெளியே வரவில்லை. எங்களோடு இன்னும் இரண்டு வருடங்கள் நலமாக, கலகலப்பாக இருந்தார். ஒரு நாள்கூட நோயில் படுக்கவில்லை, ஒருவருக்கும் பாரமாகவில்லை. அந்த வகையில் எங்களுக்கு ஆறுதல்தான்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கிரியைகளை நான்தான் செய்தேன். எல்லாம் முடிந்து, பெட்டியை மூடுவதற்கு முன் முகம் பார்க்கச் சொன்னார்கள். அருகில் போய் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், மாமியின் முகத்தை நான் இவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததே இல்லை. இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு மச்சம் இருந்தது. அதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மாமி, அந்த அலுவலகத்தில் என்னைப் பற்றி உங்களிடம் கேட்டார்கள். உங்களைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். வீட்டில் ஆளில்லை என்று நினைத்தால் நீங்கள் பாடுவீர்கள். அதைக் கேட்பதற்காகவே கதவைத் திறக்காமல் படியில் நின்றிருக்கிறேன். பல்கனிச் செடிகளோடு ஜெர்மனில் பேசுவீர்கள், வாடினால் தமிழில் திட்டுவீர்கள். வீங்கிய கால்களை என் கண்ணில் படாமல் மறைப்பீர்கள். நான் சாப்பிட்டு முடித்த பிறகே சாப்பிடுவீர்கள். உங்களுக்குப் பசிக்கும் என்றுதான் நான் வேகமாகச் சாப்பிடப் பழகினேன். ஓம், நாங்கள் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தோம். இதுதான் என் சாட்சி.

மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆறுதலாப் போங்கோ, மாமி.